'மேலே' ஆணியில் தொங்கிய கரண்டி

"இன்னைக்கு நீ என்ன பண்ணப் போற, மியெர்த்தா?" என்று பெரியப்பா கேட்டார்.

"நானா? நான் லீவுல இருக்கேன்" என்றாள் அத்தை.

"அதான் கேக்குறேன். சும்மாதானே இருக்க?"

"லீவுல இருக்கேன்னு சொன்னேன் அண்ணே. சும்மா இருக்கேன்னு சொல்லல."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" ரொட்டியில் வெண்ணெய் தடவியபடியே கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. "நாங்க மத்தியானம் மேலயே எதாவது சாப்பிட்டுக்குவோம். சாயங்காலம் வந்ததும் பார்லி சூப் இருந்தா போதும். நேத்து மாதிரி தண்ணியா வேணாம்."

"அடுப்பச் சின்னதா வெச்சுட்டா அதுபாட்டுக்கு வேகும்" என்றாள் பெரியம்மா. "அப்பப்ப கிண்டி விடு, அவ்வளவுதான். அப்புறம் சின்னவளோட பூட்ஸ் உள்ளெல்லாம் ஈரம். அதையும் ஹீட்டர் பக்கத்துல வெச்சு அப்பப்ப திருப்பி விட்டுடு."

"சூப்பையும் அப்பப்ப, பூட்ஸையும் அப்பப்பன்னா நான் நாள் பூரா இங்கயேதான் நிக்கணும் அண்ணி."

"நீ எப்படியும் வீட்லதானே இருக்கப் போற?"

அத்தை ஜன்னலைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து கொட்டிக்கொண்டிருந்த பனி இரவில் நின்றுவிட்டது. வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக இருந்தது.

"இன்னைக்கு ஒட்டிலியாவோட சத்திரத்துக்குப் போகலாம்னு இருக்கேன்" என்றாள்.

"பள்ளத்தாக்குக்கு மேல இருக்கே, அதுவா?" பெரியப்பா வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தார். "அங்க ஸ்கீ போக லிஃப்டே கிடையாதே?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு அங்க போற?"

அப்பா சமாதானத்துக்கு வந்தார். "போகட்டும் விடுங்கண்ணே. நாளைக்குப் போகட்டும். இன்னைக்கு நேசா வீட்ல இருக்கா. கையில கட்டு. அவளத் தனியா விட முடியாது."

"நான் தனியா இருந்துக்குவேன்ப்பா" என்றேன்.

"நீ சும்மா இரு. ஒத்தக் கையால சூப்புச் சட்டியத் தூக்குவியா?"

அப்படித்தான் அந்தச் சட்டி என் காரணமாகவும் அத்தையின் தலையில் ஏறியது. எல்லாரும் எழுந்தார்கள். வாசலுக்குப் பக்கத்துப் பலகையில் இருந்த தங்கள் மரவில்லைகளை 'வீட்டில்' என்ற வரிசையிலிருந்து எடுத்து 'மேலே' என்ற வரிசை ஆணிகளில் மாட்டினார்கள். பெரிய சத்தத்தோடு பூட்ஸ்களை மிதித்துக்கொண்டு வெளியே போனார்கள்.

அந்தப் பலகையைத் தாத்தா செய்தார். ஒரு பிப்ரவரியில் மலைச்சரிவில் பனி சரிந்தபோது யார் மேலே இருக்கிறார்கள், யார் இறங்கிவிட்டார்கள் என்று தெரியாமல் பாதி ஊர் தவித்ததாம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் பெயர் செதுக்கிய ஒரு வில்லை. பெரியப்பா ஜியேரி, பெரியம்மா மென்ஜியா, அவர்களுடைய இரண்டு பெண்கள், என் அப்பா கிளாவ், நான், எல்லாருக்கும் உண்டு. வேலை நிமித்தம் எப்போதாவதுதான் வருகிற என் அம்மாவுக்கும் உண்டு. மியெர்த்தா அத்தைக்கு மட்டும் இல்லை. அவள் பனிச்சறுக்குக்குப் போவதில்லை, ஆகவே வீட்டில்தான் இருப்பாள், வீட்டில் இருப்பவளுக்கு எதற்கு வில்லை?

பிராசெக் என்ற அந்த மலைக்கிராமத்து வீடு தாத்தாவுக்குப் பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் பொதுவானது. பிப்ரவரியில் பள்ளிகள் மூடும் வாரம் நாங்கள் எல்லாரும் கூர் நகரத்திலிருந்து மூட்டைமுடிச்சோடு அங்கே ஏறிவிடுவோம். வருடத்தில் அத்தை எடுக்கும் நீண்ட விடுப்பு அந்த ஒரு வாரம்தான்.

மற்ற நாட்களில் அவள் கூர் ரயில் நிலையத்தில், தொலைந்த பொருட்களுக்கான ஜன்னலில் உட்கார்ந்திருப்பாள். குளிர்காலம் முழுக்க ரயில்களில் ஜனங்கள் விட்டுவிட்டுப் போகிற சறுக்குக் கட்டைகள் அவளுக்குப் பின்னால் சுவர்சுவராகச் சாய்ந்திருக்கும். ஒற்றைக் கையுறைகள் ஒரு தொட்டி நிறைய. குழந்தைகளின் ஹெல்மெட்டுகள். ஒரு முறை ஒற்றை பூட்ஸ் வந்தது. இரண்டு காலிலும் பூட்ஸோடு ரயிலேறிய மனிதன் ஒன்றை விட்டுவிட்டு எப்படி இறங்கிப் போனான் என்பதை அத்தை மார்ச் மாதம்வரை எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்க வருகிறவர்கள் அதற்கு மேல்.

"என்ன நிறமுங்க உங்க கட்டை?"

"நீலம்."

"பின்னாடி பாருங்க. எது நீலம் இல்லைன்னு சொல்லுங்க, அத எடுத்து ஓரமா வைக்கிறேன்."

இப்படி நாள் முழுக்க. அதற்குப் பிறகும் அவளிடம் ஜனங்கள் கேட்கும் கேள்வி, "நீங்க எந்தப் பக்கம் ஸ்கீ போவீங்க?"

போவதில்லை என்று சொன்னால் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். "அடிபட்டுடுச்சா?" இல்லை. "பயமா?" இல்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காலில் வலி, மனதில் வலி இரண்டில் ஒன்று இருந்தால்தான் இது விளங்கும். அத்தை எல்லாரையும்போல் நாலைந்து வயதில் கற்றவள்தான். நன்றாகவே போவாளாம். பன்னிரண்டு வயதில் ஒரு நாள் கட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டு, "எனக்கு இது பிடிக்கல" என்றாளாம். கால் நோகிறது, மூக்கு உறைகிறது, வரிசையில் நின்று மேலே போவதே கீழே வருவதற்காக என்றால் முதலிலேயே கீழே இருந்துவிடலாமே என்று கேட்டாளாம். தாத்தா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. கதை அவ்வளவுதான். இதற்குப் பின்னால் ஏதோ ஒரு சோகம் இருந்தே ஆகவேண்டும் என்று பெரியம்மா இன்றைக்கும் நம்புகிறாள்.

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அண்ணன்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவளுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். பெரியவர்களுக்கான பனிச்சறுக்கு வகுப்பு, ஆறு பாடம், பரிசுச் சீட்டாக. ரிப்பன் கட்டியிருந்தது. அத்தை "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு, மறு வாரமே அதைச் சரக்குப் பிரிவில் வேலை செய்கிற ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். பதிலுக்கு அவருடைய மர சறுக்குவண்டியை வாங்கிக்கொண்டாள். பழைய வண்டி. வளைந்த கொம்புகள், உட்கார நார்ப்பட்டை, அடியில் இரும்புப் பட்டை. அதை பிராசெக் வீட்டு நிலவறையில், எங்கள் கட்டைகளுக்கு அடியில், சுவரோரமாக வைத்தாள்.

குளிர்காலத்தில் அவள் ஆசைப்பட்டது இது. கிராமத்துக்குப் பின்னால் இளஞ்சிவப்புக் கம்பங்கள் நட்ட நடைபாதையில் வண்டியை இழுத்துக்கொண்டு பள்ளத்தாக்குக்குள் நடக்க வேண்டும். மேல் சத்திரத்துக்கு முன்னால் செம்மறித்தோல் விரித்த சாய்வு நாற்காலியில், வெயிலில் கிடக்க வேண்டும். வாதுமைக்கொட்டை வைத்த பணியாரத் துண்டு ஒன்று. கண்ணாடி கிளாசில் பழச்சாராயம் கலந்த காபி ஒன்று. பிறகு, குளிர்காலத்தில் வாகனங்களுக்கு மூடிவிடுகிற பழைய சாலையில் வண்டியில் உட்கார்ந்து கிராமம்வரை இறங்கி வர வேண்டும். இதற்கு ஒரு பகல் போதும். ஒரு வாரத்தில் ஒரு பகல்.

அது அவளுக்குக் கிடைத்ததே இல்லை. ஒரு வருடம் பெரியம்மாவின் பல்லுக்கு மாட்டியிருந்த உறை கழன்று விழுந்தது. ஒரு வருடம் வெந்நீர்க் கொதிகலனைப் பார்க்க ஆள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நல்ல வெயிலடித்த நாள் முழுக்க வராமல் இருந்தான். இன்னொரு வருடம் பெரியவள் லிஃப்ட் அட்டையை மறந்துவிட்டுப் போனாள். அதை எடுத்துக்கொண்டு அத்தை அடிவாரம் போய்ச் சேர்ந்தபோது, அட்டை கோட்டின் உள்பையிலேயே இருந்ததாகச் சொல்லி எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றிலும் மோசம், பாலம்வரை போன வருடம். நடைபாதையில் பாதி வழியில் ஒரு மரப்பாலம் உண்டு. அதைத் தாண்டினால் ஃபோன் எடுக்காது. பாலத்துக்குப் பத்தடி முன்னால் மணி அடித்தது.

"மியெர்த்தா, சீஸ் சீவுற தகடு எங்க வெச்ச?" பெரியப்பா.

"மேலருந்து ரெண்டாவது இழுப்பறை."

"இல்லையே."

"இருக்கும் அண்ணே. ஓரமா பாருங்க."

"பாத்துட்டேன். நீ வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போயிடேன். எவ்வளவு நேரம் ஆகப் போகுது?"

அவள் திரும்பி வந்தாள். தகடு இரண்டாவது இழுப்பறையில் ஓரமாக இருந்தது. அதற்குள் வெயில் போய்விட்டது.

என் கை உடைந்த வருடத்துக்கு வருகிறேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கூரில் ஒரு ரொட்டிக்கடை வாசலில் உறைந்த தண்ணீரில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ரொட்டிக்கடை வாசலில் என்று வெளியே சொல்ல அப்பாவுக்குக் கூச்சம். கேட்டவர்களிடமெல்லாம் "மலையில" என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். இரண்டு மொழியில் படித்தவள் என்றாலும் இரண்டிலும் நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அதனால் மறுக்கவில்லை.

அன்று காலை எல்லாரும் போன பிறகு அத்தை கதவோரமாகவே நின்று என்னைப் பார்த்தாள். யாரோ ரயிலில் விட்டுவிட்டுப் போன பெட்டியைப் பார்க்கிற பார்வை அது.

"கையிலதானே கட்டு? காலுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல அத்தை."

"நடப்பியா?"

"நடப்பேன்."

"வழியெல்லாம் பேசிக்கிட்டே வருவியா?"

"மாட்டேன்."

"அப்ப கோட்ட மாட்டு."

சட்டியில் ஊறிக்கொண்டிருந்த பார்லியை வேறொரு கிண்ணத்துக்கு மாற்றினாள். காலியான சட்டியைத் துடைத்து அடுப்பில் வைத்தாள். அதற்குள் தன் ஃபோனை வைத்து மூடினாள். ஈர பூட்ஸ்களை ஒரு முறை திருப்பி வைத்தாள். அதைச் செய்யாமல் அவளால் போக முடியவில்லை, அது அவளுக்கே எரிச்சலாக இருந்தது. பிறகு சூப்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, 'மேலே' வரிசையில் காலியாக இருந்த ஆணியில் மாட்டினாள். பக்கத்திலேயே என் வில்லையையும் மாட்டினாள். "சொல்லாமப் போனான்னு யாரும் பேசக் கூடாது பாரு" என்றாள்.

பாலம்வரை அவள் வேகமாக நடந்தாள். ஃபோன் சட்டிக்குள் இருக்கிறது என்று தெரிந்தும் இரண்டு முறை கோட்டுப் பையைத் தடவிப் பார்த்தாள். பாலத்தைத் தாண்டியதும் நின்று மூச்சு விட்டாள். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் திட்டிக்கொண்டு வந்தாள். நடைபாதையைக் குறுக்கே வெட்டிக் குழி பண்ணியிருந்த சறுக்குத் தடங்களைத் திட்டினாள். "இவனுங்களுக்கு ஒரு மலையே குடுத்திருக்கு. என் ஒரு முழப் பாதைதான் கண்ண உறுத்துதா?" என் நடையைத் திட்டினாள். கயிறு கையை அறுக்கிறது என்று வண்டியைத் திட்டினாள். அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

சத்திரத்தில் ஒட்டிலியா நாற்காலிகளில் பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அத்தையைப் பார்த்துக் கையை இடுப்பில் வைத்தாள்.

"ஏண்டி, வருஷா வருஷம் வரேன் வரேன்னு சொல்லி அனுப்புவியே, அவளா நீ? நெசமாவே ஒரு ஆள் இருக்கா!"

"பணியாரம் இருக்கா, இல்ல அதையும் தின்னு தீத்துட்டாங்களா?"

"இருக்கு. யாரு இந்தப் பொண்ணு?"

"கிளாவ் அண்ணன் மக. பேச மாட்டா, அதான் கூட்டிட்டு வந்தேன்."

அத்தை நாற்காலியில் சாய்ந்து, செம்மறித்தோலை முழங்கால்வரை இழுத்துக்கொண்டாள். பணியாரத் துண்டு முன்னே மாதிரி இல்லை, சின்னதாகிவிட்டது என்றாள். முன்னே எப்போது சாப்பிட்டாய் என்று ஒட்டிலியா கேட்டதும் துண்டில் பாதியை வாயில் போட்டுக்கொண்டாள். வெயில் கண்ணைக் குத்துகிறது என்றாள். காபியில் சாராயம் போதாது என்றாள், ஒட்டிலியா பாட்டிலையே கொண்டுவந்து வைத்தாள். பிறகு புகார்கள் தீர்ந்துபோயின. கூரையிலிருந்து பனி சொட்டியது. எதிர்ச் சரிவில் ஒரு மனிதர்கூட இல்லை. தொப்பியைக் கண்மேல் இழுத்துவிட்டு, வாய் கொஞ்சம் திறந்திருக்க, அவள் தூங்கிப்போனாள். யாரும் எதையும் எங்கே என்று கேட்காத இடத்தில் அவள் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

நிழல் நாற்காலிக் காலைத் தொட்டபோது ஒட்டிலியாதான் அவளை எழுப்பினாள்.

இறங்கும்போது அத்தை என்னை முன்னால் உட்காரவைத்தாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். பின்னால் உட்கார்ந்து இரண்டு குதிகால்களாலும் வண்டியைத் திருப்பினாள். முதல் வளைவில் நான் கத்தினேன். "பேச மாட்டேன்னு சொல்லித்தானே வந்த?" என்று காதருகே குரல் வந்தது. இரண்டாவது வளைவில் அவளே கத்தினாள். பனித்தூள் முகத்தில் அடித்தது, கண்ணில் தண்ணீர் வழிந்தது. பாலம் இருக்கும் உயரத்துக்கும் கீழே, சாலை நேராகும் இடத்தில் குதிகால்களைத் தூக்கிவிட்டு வண்டியை அதன் இஷ்டத்துக்கு விட்டாள்.

அந்தச் சமயம் வீட்டில் நடந்ததைப் பிறகு பெரியப்பாவின் பெண்கள் சொன்னார்கள். காற்று எழும்பியதால் எல்லாரும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே பசியோடு வந்திருக்கிறார்கள். அடுப்பு சில்லென்று இருந்திருக்கிறது. பெரியப்பா அத்தையைக் கூப்பிட்டிருக்கிறார், சட்டிக்குள் மணி அடித்திருக்கிறது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, அவள் ஃபோன் சட்டிக்குள் எப்படித் தவறி விழுந்திருக்கும் என்று யோசித்திருக்கிறார்கள். சூப்புக் கரண்டியைத் தேடியபோதுதான் அப்பா பலகையைப் பார்த்திருக்கிறார்.

"யாரு இத 'மேலே'யில மாட்டினது?"

"நேசாதான். சின்னப் பிள்ளை மாதிரி விளையாட்டு" என்றாளாம் பெரியம்மா.

ஆனாலும் என் வில்லையும் 'மேலே'யில் இருந்ததால் பயந்துவிட்டார்கள். சத்திரம் அவர்கள் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. காலையில் அதே மேசையில் அவள் சொன்னதுதான். ஆனால் எங்கள் வீட்டில் 'மேலே' என்றால் லிஃப்ட். நேராக லிஃப்ட் அடிவாரத்துக்கு ஓடியிருக்கிறார்கள்.

நாங்கள் கிராமத்துக்குள் நுழையும்போது ஒலிபெருக்கியில் அத்தையின் பெயர் கேட்டது. "சிவப்புக் கோட்டு போட்ட பெண்மணி. கையில் ஃப்ளாஸ்க் வைத்திருப்பார்."

"எந்தக் கையில ஃப்ளாஸ்க்? இவங்களுக்குக் காபி தூக்கிட்டு வர்ற அன்னைக்குத்தான் அது" என்று அத்தை பல்லைக் கடித்தாள். வண்டி அடிவாரத்து வேலியில் மோதி நின்றது.

அங்கே லிஃப்ட் ஆள் லூட்சி, பெரியப்பாவிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். "எந்தச் சரிவுல போனாங்கன்னு சொல்லுங்க, ஆள் அனுப்புறேன்."

"அவ ஸ்கீ போக மாட்டா."

"போக மாட்டாங்களா? அப்ப மேல அவங்களுக்கு என்ன வேலை?"

"எனக்கென்னங்க தெரியும்?"

"காபி குடிக்கப் போனேன்" என்று பின்னாலிருந்து அத்தை சொன்னாள்.

எல்லாரும் திரும்பினார்கள். தலைமுதல் கால்வரை வெள்ளைவெளேரென்று நாங்கள் நின்றோம்.

"ஃபோன் எங்க?" என்று பெரியப்பா கத்தினார்.

"சட்டில."

"சூப்பு?"

"வெக்கல."

"மியெர்த்தா, நீ சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல?"

"காலையில சொன்னேன் அண்ணே. உங்க எதிர்லதான் உக்காந்து சொன்னேன். கரண்டியக்கூட மாட்டிட்டுத்தான் போனேன். இதுக்கு மேல எப்படிச் சொல்றது? பாட்டாப் பாடணுமா?"

பெரியப்பா வாயைத் திறந்தார். ஒரு கணம், நிஜமாகவே அவருக்குப் புரியப்போகிறது என்று நினைத்தேன். அதற்குள் பெரியம்மா நடுவில் புகுந்து, கட்டுப்போட்ட என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவளத் திட்டாதீங்க. இந்தப் புள்ள வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடக்கான்னு காத்தாடக் கூட்டிட்டுப் போயிருக்கா. தன் வேலையெல்லாம் விட்டுட்டு. இந்த மனசு யாருக்கு வரும்?"

"ஓ" என்றார் பெரியப்பா. "அத மொதல்லயே சொல்றதுதானே?" அவர் முகம் இளகிவிட்டது. அப்பா அத்தையின் தோளைத் தட்டி நன்றி சொன்னார். லூட்சி ஒலிபெருக்கியை அணைத்தார்.

"அத்தை எனக்காகப் போகல" என்றேன். "அவங்களுக்காகத்தான் போனாங்க. நான்தான் கூடப் போனேன்."

"பாரேன், அத்தைய விட்டுக் குடுக்க மாட்டேங்குறா" என்று பெரியம்மா என் கன்னத்தைத் தட்டினாள்.

அத்தை வேலியில் மோதி நின்ற வண்டியை இழுத்து, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். அவ்வளவு பெரிய மலையில் அவளுக்குக் கிடைத்த ஒரே ஒரு பகலையும், எல்லாரும் சேர்ந்து அன்பாக, அவள் கையிலிருந்து வாங்கிப் பிள்ளை பார்த்துக்கொண்ட கணக்கில் எழுதிவிட்டார்கள். அன்றிரவு எல்லாரும் ரொட்டியும் சீஸும் சாப்பிட்டோம். சீவுற தகட்டைப் பெரியப்பா தேடவே இல்லை, கத்தியால் வெட்டிக்கொண்டார். மறுநாள் காலை கரண்டி அடுப்பங்கரைக்குத் திரும்பியிருந்தது. "இன்னைக்கு சூப் கெட்டியா இருக்கட்டும்" என்றார் பெரியப்பா.

வசந்தம் வந்ததும் என் கையின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மருத்துவமனையிலிருந்து வரும் வழியில் ரயில் நிலையத்தில் அத்தையின் ஜன்னலுக்குப் போனேன். அவளுக்குப் பின்னால் சறுக்குக் கட்டைகள் இன்னும் சுவர்சுவராக நின்றன. ஒரு ஆள் கையுறைத் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான். கையை நீட்டிக் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வாடிவிட்டது.

"கழட்டிட்டாங்களா?"

"ஆமா அத்தை. எலும்பு நல்லா கூடிடுச்சாம்."

"அந்தக் கட்டு எங்க?"

"அங்கயே ரெண்டு பாதியா வெட்டி எடுத்தாங்க. தூக்கிப் போட்டிருப்பாங்க."

அத்தை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தொட்டியைக் கிளறுகிறவன் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"ஓடு. குப்பைக்குப் போறதுக்குள்ள கேட்டு வாங்கிடு. ரெண்டு பாதியா இருந்தா என்ன, மேல துணியச் சுத்திக்கலாம். அடுத்த பிப்ரவரிக்கு அதக் கையில மாட்டிக்கிட்டு வா, புள்ள."